இரணியன் எந்த முகத்தோடு வருவான்?

1917 மார்ச்சில் ருஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தார். 304 ஆண்டுகள் ஆண்ட ரோமனோவ் வம்சம் ஒரே வாரத்தில் சரிந்தது. அப்போது பாரதி பிரிட்டிஷ் போலீசுக்கு எட்டாமல் புதுச்சேரியில் ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தார். ஜாரின் வீழ்ச்சியைப் பற்றி அவர் எழுதிய 'புதிய ருஷ்யா' பாட்டில் ஜார் இரணியனாகிறார். இருபதாம் நூற்றாண்டின் ஒரு சர்வாதிகாரியைப் புராணக் கொடுங்கோலன் ஒருவனோடு நேருக்கு நேர் நிறுத்திய தமிழ் எழுத்துகளில் அதுவே இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது.

அந்த ஒப்புமை எவ்வளவு தூரம் பொருந்துகிறது, எங்கே முறிகிறது என்று பார்ப்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்தைப் போல வாய்ப்பான இடம் வேறில்லை. செங்கல்பட்டுக்குச் சற்று வடக்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, பாறையைக் குடைந்த குகையில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். அந்த ஊருக்கே சிங்கப்பெருமாள் கோயில் என்றுதான் பெயர். கிழக்கே கடற்கரையில், நரசிம்மன் என்ற பெயரைச் சூடிய பல்லவ மன்னர்களின் மாமல்லபுரம். செங்கல்பட்டு நகரில் 1929-இல் கூடிய ஒரு மாநாட்டின் வழியில் வந்தவர்கள் இரணியனையே கதாநாயகனாக்கினார்கள். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் ஒரு தூணில் சரபேஸ்வரர் இருக்கிறார். இரணியனைக் கொன்ற நரசிம்மரையே அடக்க வந்தவர் அவர். இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால், கதைக் கொடுங்கோலனை வைத்து நிஜக் கொடுங்கோலனை அளப்பதில் உள்ள பலமும் பலவீனமும் தெளிவாகின்றன.

முகத்துக்கு நேரே சொன்ன உவமை

தமிழில் இரணியன் கதைக்கு நிலையான வடிவம் தந்தவர் கம்பர். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை அவர் யுத்த காண்டத்தில் சேர்த்தார். கதையைச் சொல்பவன் வீடணன், கேட்பவன் இராவணன். ஆளும் கொடியவன் ஒருவனுக்கு, அழிந்துபோன கொடியவன் ஒருவனின் கதையை அவனுடைய சபையிலேயே தம்பி எடுத்துச் சொல்கிறான். நாம் இன்று செய்யும் ஒப்பீட்டின் மூல வடிவம் இது.

அந்தக் கதையில் கொடுங்கோன்மைக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது வரம். மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் சாவு வராதபடி இரணியன் தன்னைச் சுற்றி நிபந்தனைகளால் வேலி போட்டுக்கொள்கிறான். இன்றைய சொல்லில் சொன்னால், எந்தச் சட்டமும் தன்னைத் தொடாதபடி சட்டத்தையே எழுதிக்கொள்கிறான். இரண்டாவது பெயர். உலகம் கடவுள் பெயரை விட்டுவிட்டு அவன் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்றாவது பாடசாலை. அரசனுக்கு எதிரான முதல் குரல் ஆசிரியன் முன்னால் உட்கார்ந்திருக்கும் சிறுவனிடமிருந்து, இரணியனின் மகன் பிரகலாதனிடமிருந்தே எழுகிறது; அதைக் கேட்டு நடுங்கிப்போகிறவனும் அந்த ஆசிரியனே. அதிகாரம் வீட்டுக்குள்ளும் வகுப்புக்குள்ளும் புகும்போதுதான் முழுமையடைகிறது, அங்கேதான் அது முதலில் விரிசலும் விடுகிறது என்பதைக் கம்பர் நன்றாகப் பிடித்திருக்கிறார்.

இராவணன் என்ன செய்தான்? உவமையை மறுக்கவில்லை, திருப்பிவிட்டான். தந்தையின் மார்பு பிளக்கப்படுவதைக் கண்டு மகிழ்ந்த பிள்ளைக்கும், பகைவனோடு நட்புக் கொள்ளும் உனக்கும்தான் பொருத்தம் என்று தம்பியை ஏசித் துரத்துகிறான். தன்னை இரணியன் என்று சொன்னவனைத் துரோகி என்கிறான். உருவகத்தால் சுடப்பட்ட ஆட்சியாளர் எல்லாரும் பின்னாளில் சொல்லப்போகும் பதில் அது.

ஜார் இரணியனா?

பாரதியின் பாட்டில் இரணியன் என்ற பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. பிறகு அவர் அந்த ஆட்சியின் நடைமுறைக்குப் போய்விடுகிறார்: உழுது அறுப்பவனுக்குச் சோறில்லை, பொய்க்கு அடிமை செய்பவனுக்குச் செல்வம், உண்மை பேசுபவனுக்குச் சிறை, தூக்கு, சைபீரியா. உவமை ஒரு சொல்; மீதமெல்லாம் குற்றப்பத்திரிகை. அந்தப் பாட்டு வெறும் வசையாக நின்றுவிடாததற்கு இந்த விகிதமே காரணம்.

குற்றப்பத்திரிகை சரியானதுதான். 1905 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்கில் தொழிலாளர்கள் ஒரு பாதிரியாரின் தலைமையில், கையில் ஜாரின் படத்தையும் தெய்வப் படங்களையும் ஏந்தி, அரண்மனைக்கு மனுக் கொடுக்கப் போனார்கள். படை சுட்டது. ஒக்ரானா என்ற ரகசியப் போலீஸ் மாணவர்களையும் எழுத்தாளர்களையும் தொடர்ந்து வேவு பார்த்தது. ஆனால் உவமை ஓர் இடத்தில் பொருந்தவில்லை. இரணியன் கடவுளின் பெயரைத் தடை செய்தவன். ஜாரோ கடவுளின் பெயரால் ஆண்டவர். 1906-இல் ருஷ்யா வெளியிட்ட அடிப்படைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, பேரரசருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது கடவுளே இட்ட கட்டளை என்று சொல்கிறது. 1905-இல் சுடப்பட்டவர்கள் கையில் ஜாரின் படமும் தெய்வப் படமும் சேர்ந்தே இருந்தது தற்செயலாக நடந்ததன்று.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கதையில் இரணியன் பெரும் பலசாலி. அவனை வீழ்த்தத் தெய்வமே தூணைப் பிளந்து வர வேண்டியிருந்தது. நிக்கோலஸ் தனிமனிதராகத் தயங்குகிற, குடும்பப் பாசம் மிகுந்த ஆள். அவருடைய கொடுமை அவரது குணத்தில் இருந்ததைவிட அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அதிகம் இருந்தது. அந்த நாற்காலியைச் சாய்த்தவர்கள், 1917 மார்ச் 8 அன்று ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிய நெசவாலைப் பெண்களும், சில நாள் கழித்து அவர்களைச் சுட மறுத்த படைவீரர்களும். பாரதி இதை உள்ளுணர்வால் அறிந்திருந்தார் போலும். கொடியவனுக்கு இரணியனின் பெயரைக் கொடுத்தவர், வீழ்த்தியதற்கு நரசிம்மரை அழைக்கவில்லை. மாகாளி கடைக்கண் வைத்தாள் என்று பாடினார். இரண்டு புராணங்களை ஒட்டவைத்து, சிங்கத்தின் இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தினார்.

பிரிட்டனும் ருஷ்யாவும் அப்போது போரில் கூட்டாளிகள். 1910-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் அமலில் இருந்தது. பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' நூல்கள் தடைக்கு உள்ளாகியிருந்தன. ஜாரின் சிறையையும் வனவாசத்தையும் பாடியபோது, அந்தமானுக்கு அனுப்பியவர்களையும் கோவைச் சிறையில் வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்தவர்களையும் அவர் மனத்தில் வைத்திருக்கவில்லை என்று நம்புவது கடினம். அப்படிப் படித்தால் அடுக்கு ஒன்று கூடுகிறது: இரணியன் ஜாருக்கு உருவகம்; ஜாரே இன்னும் அருகிலிருக்கும் ஒருவருக்கு உருவகம்.

குடைக்கீழ் நிற்கும் எருமைத் தலையன்

மாமல்லபுரத்துக் குன்றின் மேல் பழைய கலங்கரை விளக்கமாக இருந்த ஓலக்கண்ணேஸ்வரர் கோயிலின் கீழே மகிஷமர்த்தினி குகை இருக்கிறது. அதன் வடசுவரில், சிங்கத்தின் மேல் எட்டுக் கையோடு வில்லை வளைத்து வருகிறாள் தேவி. எதிரே எருமைத் தலையும் மனித உடலுமாக மகிடன். கையில் பெரிய கதாயுதம். உடல் பின்னால் சாய்ந்திருக்கிறது. கால் இன்னும் ஊன்றி நிற்கிறது. அவன் சாகவில்லை, சாகப்போகிறான் என்று சுவர் சொல்லவும் இல்லை.

உற்றுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். மகிடனின் தலைக்கு மேல் குடை பிடிக்கப்பட்டிருக்கிறது. தேவிக்கும் குடை உண்டு. குடை அரச சின்னம். சிற்பி மகிடனைக் காட்டுமிராண்டியாகச் செதுக்கவில்லை. படையும் குடையும் உடைய அரசனாகச் செதுக்கினான். குடை பிடிக்க ஆள் இருக்கும்வரை அவன் அரசன்தான். கொடுங்கோலனின் தலையைவிட அந்தக் குடைக்காம்பைப் பற்றிய கைதான் கவனிக்க வேண்டியது என்று அரசியல் படிப்பவர் அந்தச் சுவரில் கற்றுக்கொள்ளலாம். அவனுடைய வீரர்கள் சிலர் விழுந்துவிட்டார்கள், சிலர் பின்வாங்குகிறார்கள்; குடை மட்டும் இன்னும் சாயவில்லை.

இப்போது குன்றின் தெற்கே ஐந்து ரதங்களுக்குப் போவோம். தர்மராஜ ரதத்தில் சிவனின் உருவங்களோடு பல்லவ அரசனின் விருதுப் பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. 'ஸ்ரீ நரசிம்ம' அவற்றில் ஒன்று. கோயிலின் பெயரே 'அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருகம்'. அத்யந்தகாமன் அரசனின் விருது. கீழ்த்தளத்தில் தெய்வங்களுக்கு இடையே நிற்கும் ஓர் உருவம் அரசனுடையதே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவையெல்லாம் வாதாபியை 642-இல் வென்ற முதலாம் நரசிம்மவர்மன் காலத்தவையா, இல்லை இரண்டாம் நரசிம்மனான ராஜசிம்மன் காலத்தவையா என்ற வழக்கு, 1962-இல் இரா. நாகசாமி எல்லாமே ராஜசிம்மனுடையவை என்று வாதிட்டதிலிருந்து சூடாகவே இருக்கிறது. நம் கேள்விக்கு எந்த விடையும் போதும். இருவருக்குமே பெயர் நரசிம்மன்தான்.

பல்லவனைக் கொடுங்கோலன் என்று சொல்ல இங்கே சான்று எதுவும் இல்லை. ஆனால் அரசியல் இலக்கணம் ஒன்று அந்தக் கல்லில் இருக்கிறது. இரணியன் கடவுளை விரட்டிவிட்டுத் தன் பெயரை வைத்தான். வரலாற்று அரசன் அந்தத் தவற்றைச் செய்வதில்லை. இரணியனைக் கொன்றவரின் பெயரைத் தான் சூடிக்கொள்கிறான், தன் பெயரைக் கடவுளுக்குச் சூட்டுகிறான். இரணியனின் இரண்டாம் உறுப்பு, அதாவது பெயர், கடவுளோடு சண்டையில்லாமலே நிறைவேறிவிடுகிறது. ஜாரின் நான்காம் பிரிவும் இதே வேலையைத்தான் செய்தது.

ஆகவே கதையோடு வாழ்க்கையை ஒப்பிடுகிறவர் முதலில் சறுக்கும் இடம் இது. கதையில் கொடுங்கோலன் அசுரனாகவே அறிமுகமாகிறான். வாழ்க்கையில் அவன் அசுரனைக் கொன்றவனின் வேடத்தில் வருகிறான்.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1971 போர் வெற்றிக்குப் பின் இந்திரா காந்தி துர்க்கையோடு ஒப்பிடப்பட்டார். 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை வந்தது, எம்.எஃப். ஹுசைன் அப்போதும் அவரைத் துர்க்கையாகவே வரைந்தார். காங்கிரஸ் தலைவர் பரூவா இந்திராவே இந்தியா என்றார். பெயர் என்ற உறுப்பு முளைத்தது. ஆகஸ்டில் வந்த 39-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பிரதமரின் தேர்தலை நீதிமன்றங்களுக்கு அப்பால் வைத்தது; அது வரம் என்ற உறுப்பு. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வரத்தின் உயிரான பகுதியைச் செல்லாததாக்கியது. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டின் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. ஆனால் 1977-இல் தேர்தலை அறிவித்தவரும் இந்திராதான், தோற்றதும் இறங்கினார். இரணியன் அப்படி இறங்கியிருக்க மாட்டான். அவரை இரணியன் என்றால் உவமை பொய்த்துவிடும். இன்னின்ன உறுப்புகள் முளைத்தன, இன்னின்னவை முளைக்கவில்லை என்று எண்ணிச் சொன்னால் நிற்கும்.

செங்கல்பட்டு, 1929

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சாதிப் பட்டங்களை விடுவது, பெண்களுக்கு ஆண்களைப் போலச் சொத்துரிமை என்பன அங்கே நிறைவேறிய தீர்மானங்களில் அடங்கும். இரணியனைப் பற்றிய தீர்மானம் அதில் இல்லை. ஆனால் அந்த இயக்கம் எழுப்பிய கேள்வி இரணியன்மேல் பாய அதிக நாள் ஆகவில்லை: யாரை அசுரன் என்று முடிவு செய்தது யார்?

1934-இல் பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' பெரியார் தலைமையில் மேடையேறியது. அதில் இரணியன் ஆரியச் சூழ்ச்சிக்குப் பலியாகும் தமிழ் அரசன். இராவணன் சபையில் சொன்ன பதிலைப் பாரதிதாசன் முழு நாடகமாக்கிவிட்டார் என்று சொல்லலாம்: தந்தைக்கு எதிராகப் போன பிள்ளையே இங்கும் குற்றவாளி. 1946-இல் புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' இராவணனுக்கு அதையே செய்தது. 1948-இல் இரண்டுக்கும் சென்னை மாகாண அரசு தடை விதித்தது. இப்படி இரு விதமாகப் பார்க்கப்படுபவன் இரணியன் மட்டுமல்ல. மாமல்லபுரத்து வராகக் குகையில் திருவிக்கிரமன் காலைத் தூக்கி உலகை அளக்கிறான். அந்தக் காலடியில் அழுந்திய மாவலி, மலைக்கு அப்பால் கேரளத்தில் ஆண்டுதோறும் மக்கள் காத்திருந்து வரவேற்கும் நல்லரசன். ஒரே ஆள், இரு கரையில் இரு நியாயம்.

இந்தத் தலைகீழாக்கம் உருவகத்துக்குள் இருக்கும் அபாயத்தை வெளிக்காட்டுகிறது. கொடியவனின் பெயரை மட்டும் வைத்து ஒப்பிட்டால், எதிர்த்தரப்பு அந்தப் பெயரையே பட்டமாக்கிக்கொள்ள முடியும். பாரதிதாசனின் நாடகம் இரணியனின் குலத்தையும் மானத்தையும் மீட்டது. ஆனால் ஒருவன் பெயரை எல்லாரும் சொல்ல வேண்டும் என்ற ஆணை நியாயமா என்ற கேள்வி, இரணியன் தமிழன் என்பதால் மறைந்துவிடாது. மாவலியைக் கொண்டாடுகிறவர்கள் அவன் ஆட்சியில் கள்ளமும் பொய்யும் இல்லை என்று நடைமுறையைச் சொல்லித்தான் கொண்டாடுகிறார்கள். ஆகவே அந்த வாதம் வலுவானது.

அரசாங்கமே முதல் வாசகர்

உருவகத்தை யாரைவிடவும் கூர்மையாகப் படிப்பது அரசாங்கம். 1907-இல் மராட்டியில் கே.பி. காடில்கர் எழுதிய 'கீசக வதம்' நாடகத்தில் வைஸ்ராய் கர்சனின் பெயர் வராது. பார்த்த எல்லாருக்கும் கீசகன் கர்சன்தான். 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை வைத்திருந்த அரசு 1910-இல் அதைத் தடை செய்தது. பாரதி 1912-இல் பாஞ்சாலியைப் பாடியபோது தமிழ் வாசகருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 2018 பிப்ரவரியில், சீன அதிபரின் பதவிக்காலத்துக்கு இருந்த வரம்பை நீக்கும் யோசனை வெளியானதும், வெய்போ தளத்தில் தேட முடியாதபடி மறைக்கப்பட்ட சொற்களில் ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யும் ஒன்று. அடுத்த ஆண்டு அக்டோபர் 11 அன்று அதே அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரத்துக்கு வந்தார்; வேட்டி கட்டிய பிரதமர் மோடி அவருக்கு அர்ச்சுனன் தபசைச் சுற்றிக் காட்டினார்.

1945-இல் வெளியான ஆர்வெல்லின் கதை இங்கே தானாக வந்து சேர்கிறது. நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலின் என்பது உலகறிந்தது. அந்த நூல் அச்சாகும் தறுவாயில் ஆர்வெல் ஒரு திருத்தம் கேட்டார். காற்றாலை வெடிக்கும்போது நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் குப்புற விழுந்தன என்று எழுதியிருந்ததை, நெப்போலியனைத் தவிர எல்லா விலங்குகளும் என்று மாற்றச் சொன்னார். ஜெர்மன் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை. அந்த நியாயத்தை அவருக்குச் செய்ய வேண்டும் என்பது காரணம். மாமல்லபுரத்துச் சிற்பி மகிடனுக்குக் குடை கொடுத்ததும் இந்த வகைதான். எதிரிக்கு உரியதை எதிரிக்குத் தராத உருவகம் கேலிச்சித்திரத்தோடு நின்றுவிடும்.

ஆர்வெல் இரணியன் கதையைத் தாண்டியதும் ஓர் இடத்தில்தான். பண்ணையின் பழைய முதலாளி ஜோன்ஸ் கதையின் தொடக்கத்திலேயே துரத்தப்பட்டுவிடுகிறான். அவன்தான் பாரதி பாடிய ஜார். நெப்போலியனோ துரத்தியவர்களில் ஒருவன். பாரதி 1921 செப்டம்பரில் இறந்தார். ஸ்டாலின் கட்சியின் பொதுச் செயலாளரானது 1922 ஏப்ரலில். 1925-இல் சாரிட்சின் நகரம் ஸ்டாலின்கிராட் ஆனது. 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சோவியத் போலீசின் சொந்தப் பதிவேட்டின்படியே ஏறத்தாழ 6,80,000 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெயர், பாடசாலை, சட்டம் தொடாத வரம் ஆகிய மூன்றும் ஜாரைவிட அவரை வீழ்த்தியவர்களின் வாரிசுக்கே கச்சிதமாகப் பொருந்துகின்றன. பாரதியின் உவமை தவறிவிடவில்லை. ஓர் ஆட்சிக்கு முன்னதாகவே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நரசிம்மரை அடக்குவது யார்?

இந்தத் திருப்பத்தை நம் புராணமும் யோசித்து வைத்திருக்கிறது. இரணியனின் குடலைக் கிழித்த பிறகும் நரசிம்மரின் வெறி தணியவில்லை. உலகம் இப்போது காத்தவரைக் கண்டு அஞ்சுகிறது. வைணவ மரபு பிரகலாதனை முன்னால் அனுப்பிச் சினத்தை ஆற்றுகிறது. சைவ மரபு சிவனைச் சரபமாக அனுப்பி நரசிம்மரை அடக்குகிறது. கும்பகோணத்தை அடுத்த திரிபுவனத்தில் சரபருக்குத் தனிச் சன்னதி உண்டு. மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் அவர் ஒரு மண்டபத் தூணில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை ராகு காலத்தில் அந்தத் தூணின் முன் கூட்டம் நெருக்கும். சமயப் போட்டியில் பிறந்த கதை இது என்று வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள், உண்மைதான். அரசியல் கதையாகவும் அது நிற்கிறது. கொடியவனை வீழ்த்தத் தூணிலிருந்து ஒருவர் வந்தால், அவரைக் கட்டுப்படுத்த இன்னொரு தூண் வேண்டும்.

இன்றைய ஆட்சியாளர் ஒருவரை இரணியன் என்றோ ஜார் என்றோ நெப்போலியன் பன்றி என்றோ அழைக்கும்முன் கேட்க வேண்டியவை நான்கு. சட்டம் தொடாதபடி அவர் எந்த வரத்தை எழுதிக்கொண்டார்? அவர் பெயர் எதெதன் மேல் ஏறியிருக்கிறது? பள்ளிப் பிள்ளை அவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால் ஆசிரியருக்கு என்ன ஆகிறது? அவருக்குக் குடை பிடிப்பவர்கள் யார்? இவற்றுக்குச் சான்றோடு பதில் இருந்தால் உவமை அவர்மேல் ஒட்டும். ஐந்தாவது கேள்வி ஒன்று நமக்கு உரியது: அவரை இறக்கிவிட்டு நாம் ஏற்றப்போகிறவரை நீதிமன்றமும் பத்திரிகையும் தேர்தலும் தொட முடியுமா? அதற்குப் பதில் சொல்லாதவர்கள் இரணியனை எத்தனை முறை கொன்றாலும், அவனுடைய நாற்காலியை அடுத்தவருக்காகத் துடைத்துத்தான் வைக்கிறார்கள்.